எல்லையோரத் தட்டச்சுக் கடையில் லினக்ஸ்: என் அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் தட்டச்சு, நகலெடுப்பு, பத்திரிகை வடிவமைப்பு ஆகியவற்றைச் செய்து தரும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு மலையாளத்தில் விண்ணப்பம் எழுத வருபவரே, மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சிப் பக்கம் என்பதால் மகளின் கல்யாணப் பத்திரிகையைத் தமிழில் அடித்துத் தரச் சொல்வார். ஒரே விசைப்பலகையில் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் நாள் முழுவதும் மாறி மாறி ஓடும் இடம் இது. ஆகவே, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் பல தொகுப்புகளில், அதாவது டிஸ்ட்ரோக்களில், எது நல்லது என்று கேட்பவர்களிடம், முதலில் டெஸ்க்டாப்பை, அதாவது திரையில் தெரியும் பணிச்சூழலைப் பாருங்கள், உங்கள் மொழியின் தட்டச்சு அதில் எப்படி அமைகிறது என்று பாருங்கள், டிஸ்ட்ரோவின் பெயரைப் பிறகு முடிவு செய்யலாம் என்றே சொல்லி வருகிறேன்.

கடையில் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0 சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் எதிர்பார்க்கிறது. பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை இதற்காகத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே லினக்ஸுக்கு மாறி, முதலில் உபுண்டு என்னும் டிஸ்ட்ரோவை நிறுவினேன். அதன் க்னோம் டெஸ்க்டாப்பில் இந்திய மொழித் தட்டச்சு மிக ஒழுங்காக அமைந்திருக்கிறது என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் க்னோமோடு பிணைந்தே வருவதால், பல மொழிகளின் தட்டச்சு விதிகள் அடங்கிய எம்17என் தொகுப்பை மட்டும் சேர்த்துவிட்டால் அமைப்புகளின் விசைப்பலகைப் பக்கத்திலேயே தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை தோன்றிவிடும். சூப்பர் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். ஆனால் உலாவியில் நாலைந்து பக்கங்களும் லிப்ரேஆபீஸில் ஒரு கோப்பும் திறந்திருக்கும்போது 4 ஜிபி போதாமல் வன்தட்டு இரையத் தொடங்கும். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியும்.

அதனால் டெபியன் என்னும் டிஸ்ட்ரோவும் எக்ஸ்எஃப்சிஇ என்னும் டெஸ்க்டாப்பும் சேர்ந்த கூட்டுக்கு மாறினேன். இது நினைவகத்தைக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது, பட்டியலும் பணிப்பட்டையும் பழைய விண்டோஸ் பழகியவர்களுக்கு உடனே பிடிபடுகின்றன. தட்டச்சை மட்டும் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்எஃப்சிஇ-யின் விசைப்பலகை அமைப்பில் தமிழ் என்று தேடினால் தமிழ்நெட் 99 என்ற பெயரிலேயே ஒரு தளவமைப்பு கிடைக்கும். அது லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபி வழியாக வருவது. விசைக்கு ஒரு குறி என்ற அளவில்தான் அது வேலை செய்யும். முன்னால் என்ன எழுத்து அடிக்கப்பட்டது என்று பார்த்து முடிவெடுக்கும் திறன் அதற்கு இல்லை. தமிழ்99-இன் அருமையோ முழுவதும் அந்தத் திறனில்தான் இருக்கிறது. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் போதும்: இரண்டாவது மகரம் வந்ததும் முதல் மகரம் தானாகப் புள்ளி பெறும், ஆகாரம் காலாக மாறி ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்வது எம்17என். ஆகவே ஐபஸையும் அதன் எம்17என் தொகுப்பையும் நிறுவி, உள்ளீட்டு மென்பொருளைத் தேர்வு செய்ய உதவும் ஐஎம்-கான்ஃபிக் மூலம் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பிறகு ஐபஸ் விருப்பங்களில் ஆங்கிலம், தமிழ்99, மலையாளத்துக்கான இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மலையாளத்தை எக்ஸ்எஃப்சிஇ-யின் அமைப்பிலும் தமிழை ஐபஸிலும் என்று பிரித்து வைக்காதீர்கள். இரண்டும் தனித்தனியே மொழியை மாற்ற முயலும்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

மலையாளத்துக்கு நான் இன்ஸ்கிரிப்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேரளப் பள்ளிகளில் ஐடி@ஸ்கூல் திட்டமாகத் தொடங்கி 2017 முதல் கைட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்த லினக்ஸைத்தான் கணினி வகுப்புகளுக்குத் தருகிறது. அதில் பிள்ளைகள் மலையாளத் தட்டச்சுப் பழகுவது இன்ஸ்கிரிப்டில்தான். எங்கள் சித்தூர் வட்டத்தின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அதே கணினி வகுப்புதான். அக்கா மகள் ஒருநாள் கடைக்கு வந்து, “மாமா, இது எங்க ஸ்கூல்ல இருக்குறதுதானே” என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே கிம்ப் என்னும் படம் திருத்தும் மென்பொருளைத் திறந்து ஒரு புகைப்படத்தை வெட்டிச் சீராக்கித் தந்தாள். சென்னையிலும் கோவையிலும் இருக்கும் நண்பர்கள் லினக்ஸை நிபுணர்களின் பொருளாகப் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இங்கே அது பள்ளிப் பையோடு வருகிற பொருள்.

எழுத்துருக்களில் குறை எதுவும் இல்லை. லோஹித் தமிழ், நோட்டோ ஆகியவற்றோடு மீரா இனிமையையும் போட்டுக்கொள்ளுங்கள். மலையாளத்துக்கு மீராவை வழங்கிய ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவே தமிழுக்கு இதை வெளியிட்டது. இரு மொழியும் ஒரே பக்கத்தில் வரும் அழைப்பிதழுக்கு இந்த இணை மிகப் பொருத்தமாக அமைகிறது.

பத்திரிகை வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் என்னும் மென்பொருள். இதன் பழைய 1.4 வரிசையில் ‘கெ’ என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றதால், தமிழுக்கு உதவாது என்று பலரும் கைவிட்டார்கள். 2024-இல் வந்த 1.6 பதிப்பில் தமிழும் மலையாளமும் சரியாக அமைகின்றன, அச்சகத்துக்குத் தேவையான சிஎம்ஒய்கே நிறத்தில் பிடிஎஃப் எடுக்கவும் முடிகிறது. பழைய வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் மட்டும் நேராக வாரா. உரையைத் தனியே எடுத்து யுனிகோடுக்கு மாற்றித்தான் சேர்க்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் ஒருமுறை மாற்றிய உரை பிறகு எந்தக் கணினியிலும் திறக்கும்.

அச்சுப்பொறி வாங்கும் முன் லினக்ஸில் ஓடுமா என்று கட்டாயம் விசாரியுங்கள். ஒரு நிறுவனத்தின் பழைய லேசர் அச்சுப்பொறி, லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸில் எளிதில் அமையாமல் என்னை மிகவும் படுத்தியது. இப்போது வைத்திருப்பது இணைத்த உடனே வேலை செய்தது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள், நினைவகத்தை அதற்குப் பிறகு கூட்டலாம். 32 பிட் செயலி உள்ள மிகப் பழைய கணினியாக இருந்தால், டெபியன் 13-இல் அதற்கான நிறுவி இல்லை. 12-ஆம் பதிப்பை நிறுவ வேண்டியிருக்கும்.