84% ஆரோக்கியம், ஆனாலும் மேட்டில் திணறல்: என் பேட்டரி வாரண்டி அனுபவம்

என் மின்சார வண்டியில் நாலாவது வருடம்தான் கோளாறு தலைகாட்டியது. மேடேறும்போது திரையில் 18% இருந்த சார்ஜ், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் சட்டென்று 4% ஆனது. வண்டி ஊர்ந்தது. ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் 11%!

சர்வீஸ் சென்டரில் எஸ்.ஓ.எச். (பேட்டரியின் ஆரோக்கியம், அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை சதவீதம் மிச்சம் என்பது) பார்த்தார்கள். "84% இருக்கு சார். 70-க்குக் கீழே போனால்தான் வாரண்டி" என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வாரண்டி கையேட்டை வரி விடாமல் படித்தேன். 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை. அதற்குள் கொள்ளளவு 70%-க்குக் கீழே இறங்குவது ஒரு பிரிவு. தயாரிப்புக் குறைபாடு தனிப் பிரிவு. பின்னதற்குச் சதவீதக் கணக்கே கிடையாது.

பேட்டரி பேக்கில் செல்கள் வரிசையாகத் தொடரில் கோக்கப்பட்டிருக்கும். ஒன்று சோர்ந்தால், மற்றவற்றில் சார்ஜ் மிச்சமிருந்தாலும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) வண்டியின் வேகத்தைக் கட்டிப்போடும். சந்தேகம் வந்து ஓ.பி.டி. ரீடரை (வண்டியின் உள் அளவுகளைப் படித்துக் காட்டும் கருவி) மாட்டி, கூட ஒருவரைப் பார்க்கச் சொல்லி, அதே மேட்டில் ஏறினேன். எல்லா செல்லும் 3.5 வோல்ட்டை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 3.0-க்குச் சரிந்தது. அந்தத் திரையைப் படமெடுத்து, எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தேன். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, அடிப்பக்கம் இடிபட்ட தடம் இருக்கிறதா, தண்ணீர் புகுந்ததா என்றுதான் முதலில் தேடினார்கள். ஒன்றுமில்லை. மூன்று வாரத்தில் அந்தச் செல் இருந்த மாட்யூலை (செல்களின் தொகுப்பு) மட்டும் காசு வாங்காமல் மாற்றித் தந்தார்கள். புது மாட்யூலுக்கும் பழைய வாரண்டியின் மிச்சக் காலம்தான்.

தயவுசெய்து எஸ்.ஓ.எச். எண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். செல் வோல்டேஜ் வித்தியாசத்தையும் கேளுங்கள்.

*

வாசகர் ஒருவரின் பதில்: உங்கள் அனுபவத்தைப் படித்ததும் என்னுடையதைச் சொல்லத் தோன்றியது. என் வண்டியில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. "80%-க்கு மேல் ஏற்றாதே" என்று பலரும் சொல்ல, ஏழெட்டு மாதம் அப்படியே செய்தேன். ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறைந்துகொண்டே வந்தது. பேட்டரி போச்சு என்றே பயந்துவிட்டேன். கையேட்டில் வாரம் ஒருமுறை 100% ஏற்றச் சொல்லியிருந்தது. எல்.எஃப்.பி.யில் சார்ஜ் நடுத்தரமாக இருக்கும்போது வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், முழுசாக ஏற்றினால்தான் பி.எம்.எஸ். கணக்கு நேராகுமாம். மூன்று முறை ஏற்றியதும் ரேஞ்ச் பழையபடி வந்தது.

இன்னொரு வகையான என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) பேட்டரிக்கு அந்த 80% கட்டுப்பாடு சரிதான். ஆனால் முழு சார்ஜோடு நாள்கணக்கில் வெயிலில் நிறுத்துவது எந்த வகைக்கும் ஆகாது. அப்புறம், நெடுநாள் வெளியே போவதென்றால் நான் 50%-இல் வைத்து நிழலில் நிறுத்திவிடுகிறேன்.