தொட்டில் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு அளவு டேப்பைக் கையில் எடுங்கள்

புதிதாக வெளிநாடு வந்து, வந்த கையோடு குழந்தையையும் எதிர்பார்த்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு, வங்கிக் கணக்கு, காப்பீடு என்று அலைந்துகொண்டிருக்கும் நேரத்தில் தொட்டில் பெரிய விஷயமாகத் தோன்றாது. "யாரிடமாவது பழையது இருக்கும், வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவோம். நாங்களும் அப்படித்தான் விட்டிருந்தோம்.

தெரிந்த அக்கா ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளும் தூங்கி வளர்ந்த தொட்டிலைக் கொடுத்தார். கனமான மரம், பளபளப்பு கூடக் குறையவில்லை. ஒரு பக்கத்துச் சட்டம் மட்டும் மேலும் கீழும் ஏறி இறங்கும் வகை. திருகுகள் ஒரு பையில் தனியாக வந்தன. எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. என் கணவர் வீட்டில் கிடந்த வேறொரு திருகைப் போட்டு இறுக்கிவிட்டார். பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மெத்தை விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தவள், நிமிரும்போது அந்தச் சட்டத்தில் கையை ஊன்றினேன். கீழ் மூலையில் இருந்த பிளாஸ்டிக் கொக்கி டிக்கென்று கழன்றது. மேல் பகுதி அப்படியே நின்றது. கீழே மட்டும் மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பிளவு. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. நின்றுகொண்டு பார்ப்பவர் கண்ணுக்கு அந்தப் பிளவு தெரியவே தெரியாது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன், இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது இல்லை என்று. இறங்கும் பக்கச் சட்டம் கொண்ட தொட்டில்களில் அந்தப் பிளாஸ்டிக் பாகங்கள் தேய்ந்தோ உடைந்தோ போகும்போது சட்டத்தின் ஒரு மூலை மட்டும் கழன்றுவிடும். குழந்தை அந்தப் பிளவுக்குள் உருண்டால் உடல் கீழே இறங்கி, தலையோ கழுத்தோ மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 2000-க்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகள் இந்த வகைத் தொட்டில்களால் இறந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் (சிபிஎஸ்சி) சொன்னது. 2011 ஜூன் 28 முதல் அங்கே இந்த வகையைத் தயாரிப்பதும் விற்பதும் தடை. பழையதை மறுபடி விற்பதும் தடை. கனடாவில் 2016-இல் தடை வந்தது. எல்லா நாடுகளிலும் இந்தத் தடை இல்லை. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: நான்கு பக்கமும் அசையாமல் நிற்கும் தொட்டிலாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய தொட்டிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. புது ஊரில் நம்மை நினைத்து ஒருவர் பொருள் கொடுப்பது பெரிய ஆறுதல். ஆனால் தொட்டிலை மட்டும் கூச்சப்பட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். கொடுப்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த ஆண்டு செய்தது, மாடல் எண் என்ன, பூட்டும் முறை போட்ட தாளும் எல்லாத் திருகுகளும் இருக்கின்றனவா. செய்த தேதியும் மாடல் எண்ணும் பெரும்பாலும் தலைமாட்டுப் பலகையின் உள்பக்கமோ மெத்தை தாங்கும் அடித்தட்டிலோ ஒட்டியிருக்கும். பத்து ஆண்டுக்கு மேல் பழையது என்றால் வேண்டாம். ஒரு திருகு குறைந்தாலும் தயாரித்தவர்களிடம் எழுதி அதே பாகத்தை வாங்குங்கள். கடையில் கிடைத்த வேறு திருகைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். லேபிளே கிழிந்துபோயிருந்தால், நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிடுங்கள். மனதார மறுத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்த அக்காவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "நல்லவேளை, குழந்தை வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டாயா?" என்றுதான்.

சரி, அளவுக்கு வருவோம். முதலில் கம்பிகள். இரண்டு கம்பிக்கு நடுவே உள்ள இடைவெளி அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 716-இன்படி 4.5 முதல் 6.5 செ.மீ. வரை. ஆஸ்திரேலியத் தரம் 5 முதல் 9.5 செ.மீ. வரை அனுமதிக்கிறது, எனக்கு அந்த மேல் அளவு மனசுக்கு ஒப்பவில்லை, எங்கே இருந்தாலும் 6-ஐ ஒட்டியே தேடுவேன். காரணம் இதுதான்: கைக்குழந்தைக்கு இடுப்பும் உடலும் தலையை விடக் குறுகல். கால் வழியாக உடல் நழுவி வெளியே வந்துவிடும், தலை மட்டும் உள்ளே மாட்டும். கையில் டேப் இல்லையென்றால் சாதாரணக் குளிர்பான டின் ஒன்றை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே நீட்டிப் பாருங்கள். டின் உள்ளே போனால் அந்த இடைவெளி அதிகம். எல்லாக் கம்பிகளையும் பாருங்கள், ஒவ்வொன்றையும் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஒன்றே ஒன்று சுழன்றாலும் பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

தலைமாட்டுப் பலகையிலும் கால்மாட்டுப் பலகையிலும் பூ வேலைப்பாடாக வெட்டிய ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது. நான்கு மூலைத் தூண்களும் மேல் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் சட்டைக் கழுத்து அதில் மாட்டும். மெத்தையை மிகத் தாழ்ந்த படிக்கு இறக்கிய பிறகு, அதன் மேற்பரப்பிலிருந்து தொட்டில் விளிம்பு வரை 50 செ.மீ.-க்குக் குறையாமல் இருக்கட்டும்.

புதிதாக வந்தவர்கள் அதிகம் ஏமாறும் இடம் மெத்தை. ஒவ்வொரு நாட்டிலும் அளவு வேறு. வட அமெரிக்காவில் முழு அளவுத் தொட்டிலின் உள்ளளவு ஏறத்தாழ 133-க்கு 71 செ.மீ. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 120-க்கு 60 சாதாரணம். பெரிய வகை 140-க்கு 70. தொட்டிலை ஒரு நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, மெத்தையை இன்னொரு நாட்டில் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 133 செ.மீ. தொட்டிலுக்குள் 120 செ.மீ. மெத்தையைப் போட்டால் ஓரத்தில் 13 செ.மீ. பள்ளம். துணியைச் சுருட்டி அந்த இடத்தை அடைத்தால் அது இன்னும் ஆபத்து. மெத்தையை ஒரு மூலைக்குத் தள்ளி, எதிர்ப்பக்கத்தில் இரண்டு விரலைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள். இரண்டு விரலும் நுழைந்து இடமும் மிஞ்சினால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்கு இல்லை.

மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் நடுவிலும் ஓரத்திலும் அழுத்தி எடுங்கள்; கை பதிந்த குழி உடனே மறைய வேண்டும். நமக்குக் கல்லு மாதிரித் தோன்றும், குழந்தைக்கு அதுதான் சரி. மெத்தென்ற பரப்பில் குழந்தை குப்புறப் புரண்டால் முகம் புதைந்துவிடும், தலையைத் தூக்கித் திருப்ப அதற்குக் கழுத்தில் பலம் இருக்காது.

இதே காரணத்தால்தான் தொட்டிலுக்குள் வேறு எதுவுமே வேண்டாம் என்கிறேன். இறுக்கமாகப் பொருந்தும் விரிப்பு ஒன்று, அதன் மேல் மல்லாந்து படுத்த குழந்தை, அவ்வளவுதான். தலையணை, போர்வை, பொம்மை, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பம்பர் மெத்தை, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். படங்களில் பம்பர் கட்டிய தொட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அமெரிக்காவில் 2022-இல் சட்டம் போட்டுப் பம்பர்களின் விற்பனையையே நிறுத்தினார்கள். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த படுக்கைகளையும் அதே சட்டம் தடுத்தது. மல்லாந்து படுக்கவைப்பதற்கும் அழுத்தமான காரணம் உண்டு. அமெரிக்காவில் 1994-இல் அதற்கென்றே ஒரு பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தை இறப்பு விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ இந்த வெறும் தொட்டில் பொறுக்காது. "இந்தக் குளிரில் பிள்ளையை இப்படியா போடுவது?" என்று ஒரு போர்வையைக் கொண்டுவருவார்கள். அது அவர்களுடைய அக்கறை, கோபப்பட ஒன்றுமில்லை. என் அம்மாவின் கையில் நான் குழந்தைக்கான ஸ்லீப்பிங் பேக்கைக் கொடுத்தேன். கை இல்லாத அங்கி போல இருக்கும், கால்பக்கம் பை மாதிரி மூடியிருக்கும், குழந்தையின் அளவுக்கு வாங்க வேண்டும். "இதைப் போட்டால் போர்வை நழுவி முகத்தில் விழாது, ராத்திரி குளிரவும் குளிராது" என்று காட்டினேன். மறுநாளிலிருந்து அவரேதான் போட்டுவிட்டார். அறை 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்பது பிரிட்டனில் தரும் அறிவுரை. குளிருக்குப் பயந்து ஹீட்டரை ஏற்றி, உள்ளே தொப்பியும் போட்டுவிடுவது நல்லதில்லை. அதிகச் சூடும் குழந்தைக்கு ஆபத்து. பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

தொட்டில் முதல் ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கட்டும். ஜன்னல் திரைக் கயிறு, ஹீட்டர் இரண்டும் எட்டாத இடமாகப் பாருங்கள்.

நல்ல வேலைப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விலையை வைத்துச் சொல்ல முடியாது, இணைப்புகளைப் பாருங்கள். மரத்துக்குள் நேராக முறுக்கிய திருகு ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கும். உலோக போல்ட் போய் உலோக நட்டில் கடிக்கும் இணைப்பு அப்படித் தளராது. நம்மைப் போல முதல் சில ஆண்டுகளில் அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். மெத்தை தாங்கும் அடித்தட்டு கொக்கியில் தொங்காமல் போல்ட்டில் நிற்கட்டும். கடையில் பூட்டி வைத்திருப்பதை மேல் விளிம்பில் பிடித்து நன்றாக ஆட்டுங்கள், வெட்கப்படாதீர்கள். கிறீச்சென்றால் அடுத்ததைப் பாருங்கள். வீட்டில் பூட்டியதும் பழைய பருத்தித் துணி ஒன்றைக் கம்பிகளின் மேல் இழுத்துக்கொண்டு போங்கள். நூல் மாட்டும் இடத்தில் சிலாம்பு இருக்கிறது. மாதம் ஒருமுறை எல்லாப் போல்ட்டையும் இறுக்கிவிடுங்கள். கட்டிலாகவும் மாறும் பல வகைத் தொட்டில் வேண்டுமா என்றால், இரண்டு ஆண்டில் ஊர் மாறக்கூடியவர்களுக்கு எளிய தொட்டிலே போதும் என்பது என் கருத்து.

குறையுள்ள பொருளை விற்ற பிறகு திரும்பப் பெறும் அறிவிப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். 1998-இல் சிகாகோவில் ஒரு குழந்தை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில், மடக்குத் தொட்டில் சரிந்து இறந்துபோனது. அந்த மாடலை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1993-இல், திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்தச் செய்தி அந்த வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. அந்தக் குழந்தையின் பெயரால் பின்னர் ஒரு சட்டம் வந்தது. அதனால்தான் இன்று அமெரிக்காவில், இப்படிப்பட்ட செய்தி வாங்கியவர்களுக்கு வந்து சேர, தொட்டிலோடு ஒரு பதிவு அட்டையும் வருகிறது. விளம்பரம் அனுப்புவார்களோ என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள், நிரப்பி அனுப்புங்கள். பழைய தொட்டில் என்றால் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்: அமெரிக்காவில் சிபிஎஸ்சி தளம், கனடாவில் ஹெல்த் கனடா என்ற சுகாதாரத் துறையின் தளம், ஆஸ்திரேலியாவில் ஏசிசிசி என்ற நுகர்வோர் ஆணையத்தின் பொருள் பாதுகாப்புப் பக்கம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மடக்குத் தொட்டில் போதுமா என்று கேட்டவர்களுக்கு: போதும், தரச் சான்று இருந்தால் தினமும் அதில் தூங்கவைக்கலாம். ஆனால் அதோடு வந்த மெல்லிய மெத்தையை மட்டும்தான் போட வேண்டும். "முதுகு வலிக்குமே" என்று மேலே இன்னொரு மெத்தையை வைத்தால், பக்கத் துணிக்கும் மெத்தைக்கும் நடுவில் குழந்தை சிக்கிக்கொள்ளும். விரித்ததும் நான்கு பக்கமும் பூட்டு விழுந்த சத்தம் கேட்டதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

குழந்தை கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்ததும் தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மை இருந்தால் கழற்றுங்கள், மெத்தையையும் கீழ்ப்படிக்கு இறக்குங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், நேற்று உட்காரத் தெரியாத பிள்ளை இன்று கம்பியைப் பிடித்து நிற்கும். உயரம் 89 செ.மீ. ஆனாலோ, அதற்கு முன்பே ஏறிக் குதிக்கப் பார்த்தாலோ, தொட்டிலின் வேலை முடிந்தது.

கழற்றும்போது போல்ட்டுகள், அவற்றை முறுக்கும் ஆலன் கீ, பூட்டும் தாள் மூன்றையும் ஒரே பையில் போட்டு அடித்தட்டில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். செய்த ஆண்டையும் பையின் மேல் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நீங்களும் அதை ஒருநாள் யாருக்காவது கொடுப்பீர்கள்.