கேட்ட சம்பளம் கிடைக்காமல் முதல் வேலையில் சேர்ந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

நான் கேட்டது ஆண்டுக்கு 3 லட்சம். கொடுத்தது 2.63 லட்சம். "புதிதாக வரும் எல்லோருக்கும் ஒரே சம்பளம்தான் தம்பி, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் மனிதவள அதிகாரி. டிப்ளமோ முடித்து எட்டு மாதம் வீட்டில் இருந்தவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? சிவகாசியில் பஸ் ஏறி ஒரகடம் வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் அடையாள அட்டை கொடுத்தவரும் அதே அதிகாரிதான். அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அதிகம் கேட்டவன் என்று மனதில் வைத்திருப்பாரோ என்று பயந்தேன். அவருக்கோ என் பெயரே நினைவில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். சம்பளம் கேட்ட அந்தப் பேச்சை மூன்று இரவுகள் தூங்காமல் ஒத்திகை பார்த்திருந்தேன். சம்பளம் குறைந்ததைவிட, அவருக்கு நினைவில்லாததுதான் அன்று என்னை வருத்தியது.

2.63 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 21,900 வரும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். முதல் மாதம் கைக்கு வந்தது 18,253. சம்பளச் சீட்டோடு அவரிடமே போனேன். பொறுமையாக ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அடிப்படைச் சம்பளம் 10,000. அதில் 12 சதவீதமான 1,200 நிறுவனத்தின் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிப் பங்கு. வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு 481. தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு நிறுவனத்தின் பங்கு 637. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் ஆண்டுத் தொகை சொல்லியிருக்கிறார்கள். அவை போக மாதச் சம்பளம் 19,600. அதில் என் பங்காக பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 147 பிடித்தம். அந்த 481 ரூபாயோ ஐந்து ஆண்டு வேலை பார்த்தால்தான் கைக்கு வரும். மாதம் கையில் எவ்வளவு வரும் என்று நேர்காணலில் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நிறுவனத்தின் பங்குகள் போக மாதச் சம்பளம் 21,000க்கு மேல் போனால் இ.எஸ்.ஐ. கிடையாது. கேட்டதைக் கொடுத்திருந்தால் அந்த வரம்பைத் தாண்டியிருப்பேன். இப்போது அம்மா ரத்த அழுத்த மாத்திரையை சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வாங்கிக்கொள்கிறார். இதற்காகக் குறைந்த சம்பளம் நல்லது என்று சொல்லமாட்டேன். மூன்றாவது மாதம், என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவனுக்கு 1,500 ரூபாய் கூடுதல் என்று தெரிந்தது. அவன் கையில் வேறொரு நிறுவனத்தின் பணி நியமனக் கடிதம் இருந்திருக்கிறது. நானோ வேறு வேலை எதுவும் கிடைக்கவில்லை என்பதை நேர்காணலில் வாய்விட்டுச் சொன்னவன். "எல்லோருக்கும் ஒரே சம்பளம்" என்ற அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

* * *

தம்பி, எனக்கும் அப்படித்தான். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. 2,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டேன். "முதலில் வேலையைக் கற்றுக்கொள்ளம்மா" என்றார் முதலாளி. தொண்டை அடைத்துவிட்டது. எழுந்து வரும்போதுதான் தோன்றியது, நின்று கேட்டேன்: "சார், சம்பளம் இருக்கட்டும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வகுப்பு இருக்கிறது. அனுப்புவீர்களா?" உடனே சரி என்றார். அதை மட்டும் நியமனக் கடிதத்தில் எழுதித் தரும்படி விடாமல் கேட்டு வாங்கினேன்.

தொகையில் இறங்காதவர்கள் நேரத்தில் இறங்கி வந்தார்கள். மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. படிவங்களுக்குக் கடைசி நாள் என்பதால் அந்த வாரங்களில் மேலாளர் முகம் சுளிப்பார். கடிதத்தைக் காட்டுவேன். எழுத்தில் இல்லாவிட்டால் இரண்டாவது மாதமே அந்தச் சனிக்கிழமை போயிருக்கும்.

* * *

நான் சேர்ந்து பதினொரு நாள்தான் ஆகிறது. கோயம்புத்தூரில் ஒரு பம்பு தொழிற்சாலை. கூடுதலாகக் கேட்டதில் பாதிகூட ஏற்றிக் கொடுக்கவில்லை. மதியம் சாப்பிடும் இடத்தில் யாராவது சம்பளம் பற்றிப் பேசத் தொடங்கினாலே தட்டோடு எழுந்துவிடுகிறேன். அக்காவைப் போல நேரத்தைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் நியமனக் கடிதத்தில் ஆண்டுத் தொகை மட்டும் ஒரே வரியில் இருக்கிறது. நாளை காலை போனதும் அண்ணன் சொன்ன அந்தக் கணக்கைத் தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.