திறந்த லிஃப்ட் குழி: உங்கள் சைட்டில் எப்படி அடைக்கிறீர்கள்?

சைட் இன்ஜினியர், தாம்பரம்:

ஸ்டில்ட் (கீழே தூண்கள் மட்டும் நிற்கிற பார்க்கிங் தளம்) பிளஸ் ஐந்து மாடி குடியிருப்பு ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வந்த வாரமே மூன்றாம் மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். லிஃப்ட் வாசலுக்குக் குறுக்கே இரண்டு சாரக் குழாய்கள் கட்டியிருந்தார்கள். வாசல் ஓரத்தைப் பூசுவதற்காகப் பூச்சு ஆட்கள் அதை அவிழ்த்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, டீ குடிக்கக் கீழே போய்விட்டார்கள். அந்த நேரம் ஒரு சித்தாள் அக்கா தலையில் கலவைச் சட்டியோடு வருகிறார். எதிரே பிளம்பர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வர, வழிவிடுவதற்காக ஓரடி பின்னால் வைத்தார். குதிகால் தட்டி, வாசலோரம் கிடந்த அரைச் செங்கல் உள்ளே போனது. குழியில் மழைத் தண்ணீர் நிற்கிறது. தொப்பென்று சத்தம் வந்த பிறகுதான் தனக்குப் பின்னால் தரை இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது. சட்டியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் மாடியிலிருந்து குழித் தரைக்குச் சுமார் 10 மீட்டர். விழுந்தால் ஒன்றரை நொடிகூட ஆகாது. கீழே மோதும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் இருக்கும்.

தடுப்பே போடாத சைட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே தடுப்பு இருந்தது. நியாயமான வேலைக்காகத்தான் அதை எடுத்தார்கள். திரும்பக் கட்ட வேண்டியது யார் என்று கேட்டால் பதில் இல்லை. "நாங்க கட்டலையே சார், சென்ட்ரிங் ஆளுங்க கட்டினது" என்கிறார் பூச்சு மேஸ்திரி. கான்கிரீட் போடப் பலகை அடித்துக் கொடுத்த அந்த சென்ட்ரிங் கான்ட்ராக்டர் கணக்கு முடித்துப் போய் எத்தனையோ மாதம் ஆகிறது. உங்கள் இடத்தில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கொத்தனார் மேஸ்திரி, விழுப்புரம் பக்கம்:

தம்பி, குழாய், சவுக்குக் கம்பு, கயிறு இதெல்லாம் லிஃப்ட் வாசலில் நிற்காது. சைட்டிலேயே தங்கிச் சமைக்கிற ஆட்கள் இருந்தால் சவுக்கு அடுப்புக்குப் போகும். குழாய் பக்கத்து ரூம் சாரத்துக்குப் போகும். கயிறு எதற்கெல்லாம் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

என் வழக்கம் என்னவென்றால், சென்ட்ரிங் பிரித்த அன்றே, அந்த மாடியில் வேறு எந்த வேலை தொடங்குவதற்கும் முன்னால், லிஃப்ட் வாசலில் நாலடி உயரத்துக்குச் செங்கல் சுவர் வைத்துவிடுவேன். கலவையில் சிமென்ட் குறைவாகத்தான் போடுவேன், பிறகு தட்டி எடுக்க வேண்டுமே. ஒரு கொத்தனாருக்கு அரை மணி நேர வேலை. செங்கல்லும் வீணாகாது, மொட்டை மாடி கைப்பிடிச் சுவரில் போட்டுக்கொள்ளலாம். போகிற போக்கில் யாராலும் அதைக் கழற்ற முடியாது. இதற்கும் மேல் மற்றொரு நன்மை உண்டு. உடைந்த கல், கலவைக் கட்டி, காலி சிமென்ட் பை எல்லாவற்றையும் லிஃப்ட் குழியில் தள்ளுகிற பழக்கம் நின்றுபோகும். குப்பை கொட்டுவதற்காகத்தான் பாதித் தடுப்பை நம் ஆட்களே திறக்கிறார்கள். ஓரத்தில் நின்று சட்டியைக் கவிழ்க்கும்போது ஆளையும் சேர்த்து இழுக்கும்.

ஓனர் முதலில் முணுமுணுப்பார். கூலி எவ்வளவு என்று சொன்னால் அடங்கிவிடுவார்.

லிஃப்ட் எரெக்‌ஷன் ஃபிட்டர், கோவை:

மேஸ்திரி அண்ணன் சொல்வது நாங்கள் வருகிறவரைக்கும் சரி. நாங்கள் வந்த அன்றைக்குத்தான் பிரச்சினை ஆரம்பம்.

எங்கள் வேலை எப்படி என்று பலருக்குத் தெரியாது. மேலே மெஷின் தளத்திலிருந்து குழி வரைக்கும் தூக்குக்குண்டு கட்டிய பிளம்ப் கம்பி விட்டு, அதை வைத்துத்தான் லிஃப்ட் ஓடுகிற ரெயிலும் ஒவ்வொரு மாடி வாசலின் ஃபிரேமும் நிறுத்துவோம். ஆகவே எல்லா வாசலும் எங்களுக்குத் திறந்து வேண்டும். அப்போது அந்த நாலடிச் சுவரை உடைக்கச் சொல்வோம். பில்டரின் ஆள் வந்து சுத்தியலால் வெளியிலிருந்து தட்டுவான், கல் உள்ளே விழும். கீழே குழியில் லிஃப்ட் மோதினால் அதிர்ச்சியைத் தாங்குகிற பஃபரை வைத்துக்கொண்டு எங்கள் ஹெல்பர் உட்கார்ந்திருப்பான். ஒரு கல் தோளுக்குப் பக்கத்தில் போனதை நேரில் பார்த்தவன் நான். மேலே இருப்பவனுக்குக் கீழே ஆள் இருப்பது தெரியாது, கீழே இருப்பவனுக்கு மேலே சுத்தியல் எடுத்தது தெரியாது.

அதனால் எங்கள் டீமில் ஒரு வழக்கம். சுவரை உடைப்பது என்றால் குழியில் ஒருவரும் இருக்கக் கூடாது, கல்லை ஒவ்வொன்றாகத் தளத்தின் பக்கம் இழுத்து எடுக்க வேண்டும், எல்லா மாடியையும் ஒரே நாளில் உடைக்கக் கூடாது. எந்த மாடியில் ஃபிரேம் வைக்கிறோமோ அது மட்டும். உடைத்த இடத்தில் அன்று மாலையே வெல்டு மெஷ் அடித்த இரும்புக் கேட் நிற்க வேண்டும். கேட்டுக்குப் பூட்டு, சாவி எங்கள் டீம் லீடர் ஒருவரிடம்.

அப்புறம் ஒன்று. "பெல்ட் போடு, பெல்ட் போடு" என்று எல்லோரும் கத்துவார்கள். பாதுகாப்புப் பெல்ட் போட்டிருக்கிறேன் ஐயா, ஹூக்கை எங்கே மாட்டுவது? குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் மாட்டுவார்கள். அந்தக் குழாய் இழுத்தால் கையோடு வரும். ஸ்லாப் போடும்போதே வாசலுக்கு மேலே வருகிற கான்கிரீட் லிண்டலுக்கு உள்பக்கம் கம்பி வளையம் ஒன்று விட்டு வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். டிராயிங்கில் காட்டிக் கேட்டால் சில இன்ஜினியர்கள் போட்டுத் தருகிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து, பட்டுக்கோட்டைக்காரன்:

இங்கே நடைமுறை கொஞ்சம் வேறு மாதிரி. 2013-இல் வந்த உயர வேலை விதிப்படி, 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்குப் பெர்மிட் இல்லாமல் கை வைக்க முடியாது. தடுப்புக் கம்பி குறைந்தது 1 மீட்டர் உயரம், நடுவில் இடைவெளி 600 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் சைட்டில் லிஃப்ட் வாசலுக்கு முழு உயர மெஷ் கதவு, போல்ட் போட்டது. கழற்ற வேண்டுமென்றால் ஸ்பேனர் வேண்டும், ஸ்பேனர் எடுக்கப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் தாளைக் கதவுக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் உறையில் தொங்கவிட்டிருப்பார்கள்.

ஊரில் பார்த்துப் பழகிய ஆரஞ்சு நிற வலை, சிவப்பு வெள்ளை டேப் இதெல்லாம் இங்கே தடுப்புக் கணக்கில் வராது. டேப் ஆளைத் தாங்குமா என்ன?

அதற்காக இங்கே எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. பெர்மிட் மாலை முடிந்துவிடும், வேலை முடிந்திருக்காது. ஓவர்டைம் ஆட்கள் வந்து பார்த்தால் நான்கு போல்ட்டில் இரண்டுதான் மாட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்க்கக் கதவு மூடிய மாதிரியே தெரியும். முழுதாகத் திறந்து கிடப்பதைவிட இது எனக்குப் பயம். திறந்திருந்தால் ஒதுங்கிப் போவான், மூடியிருக்கிற கதவில் சாய்ந்து நின்று போன் பேசுவான். எங்கள் ஃபோர்மேன், நாகப்பட்டினத்துக்காரர், தினமும் வேலை முடிந்து கிளம்பும்போது ஒவ்வொரு கதவையும் கையால் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் போவார். செக்லிஸ்ட்டில் டிக் அடிக்கிற சேஃப்டி ஆளைவிட அவரைத்தான் நான் நம்புவேன்.

சேஃப்டி ஆபீசர், ஸ்ரீபெரும்புதூர்:

டிக் அடிக்கிற ஆள் நான்தான் 🙂. கோபம் இல்லை, அண்ணன் சொல்வதில் பாதி உண்மை.

தாம்பரம் சாருக்கு ஒரு விஷயம். 1998-ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் மத்திய விதிகளில் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால்தான் சேஃப்டி ஆபீசர் கட்டாயம். 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்தது. உங்கள் மாதிரி ஸ்டில்ட் பிளஸ் ஐந்தில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் இருப்பார்களா? ஆக, சென்னையைச் சுற்றி உயரமான கட்டடம் என்ற கணக்கில் வராமல் 18.30 மீட்டருக்குள் எழும்புகிற அபார்ட்மென்ட் பெரும்பாலானவற்றில் என்னைப் போல ஒருவர் இருக்க மாட்டார். திறப்புகளுக்கும் தடுப்புக் கம்பிகளுக்கும் என்றே ஐஎஸ் 4912 என்று ஒரு இந்தியத் தரநிலை 1978-லிருந்து இருக்கிறது. அதை அங்கே யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? குழித் தண்ணீரில் கொசு இருக்கிறதா என்று பார்க்க மாநகராட்சி ஆள் வருவார், டார்ச் அடித்துப் பார்ப்பார். வாசலில் தடுப்பு இருக்கிறதா என்பது அவர் வேலை இல்லை.

நான் சொல்ல வந்தது பிளைவுட் பற்றி. லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் பைப்பும் வயரும் மாடிக்கு மாடி போவதற்கான பைப் டக்ட், எலக்ட்ரிக்கல் டக்ட் எல்லாம் தரையில் ஓட்டையாக இருக்கும். அதன் மேல் பிளைவுட் போட்டு மூடுவார்கள், ஆணி அடிக்க மாட்டார்கள். பிளைவுட்டுக்கு எப்போதுமே தேவை உண்டு. ஒருவன் வருகிறான், குனிந்து பலகையின் ஒரு முனையைத் தூக்குகிறான், முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடிக்கிறான், அப்படியே ஓரடி முன்னால் வைக்கிறான். பலகை மறைத்துக்கொண்டிருப்பதால் ஓட்டை தெரியாது. இப்படித்தான் ஒரு பையன் இரண்டாம் மாடியிலிருந்து போனான். அகலமான பலகை, டக்ட் சின்னது, பலகை குறுக்கே மாட்டிக்கொண்டு அவன் அதைப் பிடித்துத் தொங்கினான். இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். அது லிஃப்ட் குழியாக இருந்திருந்தால் பலகையும் சேர்ந்து போயிருக்கும்.

அமெரிக்க விதியில் இதற்கு நேரான ஒரு பதில் இருக்கிறது. மூடி நகராதபடி பொருத்தியிருக்க வேண்டும், மேலே வரக்கூடிய எடையைப் போல இரண்டு மடங்கு தாங்க வேண்டும், கீழே ஓட்டை என்பது தெரிகிற மாதிரி நிறம் அடித்தோ எழுதியோ வைக்க வேண்டும். நாங்கள் சிவப்புப் பெயின்ட் அடித்து, ஆள் தலைகீழாக விழுகிற மாதிரி படம் வரைந்துவிட்டோம். தமிழில் எழுதினால் ஒடிசா பையனுக்குப் புரியாது, இந்தியில் எழுதினால் நம் சித்தாளுக்குப் புரியாது. படம் எல்லோருக்கும் புரிந்தது, வரைந்தவனைக் கிண்டல் செய்தார்கள், ஆனால் பலகையை யாரும் தொடவில்லை.

இதைவிட நல்ல வழி, டக்ட்டில் ஸ்லாப் கம்பியை வெட்டாமல் குறுக்கே விட்டுவிடுவது. பைப் போடும் அன்று வேண்டிய அளவு மட்டும் வெட்டிக்கொள்ளலாம். லிஃப்ட் குழிக்கு அது முடியாது, உள்ளே குறுக்கே கட்டுகிற, ஆளைத் தாங்குகிற பாதுகாப்பு வலைதான்.

நைட் வாட்ச்மேன் மகன்:

அப்பா சொல்வது: எந்த மாடியிலும் லைட் இல்லை, லிஃப்ட் வாசலும் ரூம் வாசலும் ஒரே அளவு, இருட்டில் இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு. ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிற ஆட்கள் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே லிஃப்ட் இருப்பதால் முதலில் கைக்குக் கிடைக்கிற இடைவெளி அதுதான். அவர் வேலை செய்கிற சைட்டில் ஆட்களைத் தரைத் தளத்துக்கு மேல் படுக்க விடுவதில்லை, ஒவ்வொரு லிஃப்ட் வாசலிலும் ஒரு பல்பு எரிகிறது. கரண்ட் பில் பற்றி முதலாளி கேட்டதற்கு, "நான் வேணும்னா என் சம்பளத்துல கட்டிடறேங்க" என்றாராம். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

சைட் இன்ஜினியர், தாம்பரம்:

எல்லோருக்கும் நன்றி. மேஸ்திரி அண்ணன் சொன்ன நாலடிச் சுவரை இந்த வாரமே எல்லா மாடியிலும் வைத்துவிட்டோம். டக்ட் மூடிகளுக்கு ஆணியும் சிவப்புப் பெயின்ட்டும். லிஃப்ட் கம்பெனி ஆட்கள் அடுத்த மாதம் வருகிறார்கள். அவர்களோடு போடுகிற ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: எந்தத் தேதியில் குழியைக் கையில் வாங்குகிறார்களோ அன்றிலிருந்து வாசல் அத்தனைக்கும் அவர்கள் பொறுப்பு, அதுவரை நாங்கள். தேதி எழுதிக் கையெழுத்து. பில்லிங் ஆள், "இதெல்லாம் தேவையா சார்" என்று இழுக்கிறார். பார்க்கலாம்.

கோவை அண்ணனுக்கு ஒரு கேள்வி. மெஷ் கேட்டை உள்ளூர் வெல்டரிடம் செய்யச் சொல்லப் போகிறேன். அளவு தவிர வேறு என்ன சொல்ல வேண்டும்?

லிஃப்ட் எரெக்‌ஷன் ஃபிட்டர், கோவை:

கேட் தளத்தின் பக்கம்தான் திறக்க வேண்டும், குழிப் பக்கம் திறக்கிற மாதிரி கீல் வைத்துவிடப் போகிறார், அதை முதலில் சொல்லிவிடுங்கள். அடியில் அரையடிக்குத் தகடு அடிக்கச் சொல்லுங்கள், ஸ்பேனர் கீழே விழாது. மெஷ் ஓட்டை கை நுழையாத அளவு. கீல் போல்ட்டின் நட்டை ஒரு புள்ளி வெல்டு வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூட்டை விட்டுவிட்டுக் கீலைக் கழற்றுவார்கள். ஆங்கர் போல்ட்டைச் செங்கல்லில் அடிக்காமல் கான்கிரீட் தூணிலோ லிண்டலிலோ அடிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் நீங்களே ஒருமுறை தோளால் முட்டிப் பாருங்கள் சார், ஆனால் பெல்ட் மாட்டிக்கொண்டு.