ஹசி கசா வந்துச்சு!

அல்சூர் அம்மா:
வீட்டு வேலையில் கூட வந்து நிற்கும் வாண்டுகளைப் பற்றித்தானே பேச்சு? என் பையனுக்கு இரண்டேகால் வயது. காலையில் குப்பை ஆட்டோ சத்தம் கேட்டால் போதும், பாலைப் பாதியில் வைத்துவிட்டு "ஹசி கசா வந்துச்சு!" என்று வாசலுக்கு ஓடுவான். கன்னடத்தில் ஈரக் குப்பை. அவன் பேசிய முதல் பத்து வார்த்தைகளில் ஒன்று. பெங்களூரில் ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, டயப்பர் மாதிரியானவற்றுக்குச் சிவப்பு, காய்ந்த குப்பைக்குத் தனிப் பை. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கே குழப்பம். அவனுக்கு நிறம்தானே கணக்கு, ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். (சிவப்புத் தொட்டி மட்டும் அவன் கைக்கு எட்டாத இடத்தில்.)

நான் காய் நறுக்க உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து நிற்பான். அவரைக்காய் நார் ஒன்றுக்கு ஒரு நடை. எடுப்பான், நடப்பான், போடுவான், திரும்பி வந்து கையை நீட்டுவான். கால் கிலோவுக்கு முக்கால் மணி நேரம். அதனால் அவரைக்காய் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

போன மாதம் ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் ஸ்கூட்டர் சாவியைக் காணோம். வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டு அவனைக் கேட்டால், பெருமையாகத் தொட்டியைக் காட்டுகிறான். முருங்கைக்காய்ச் சக்கைக்கும் காபி மண்டிக்கும் நடுவில் கிடந்தது. திட்ட வாயெடுத்த பிறகுதான் கவனித்தேன், சாவியில் தொங்கியது பச்சை நாடா. அவன் கணக்கில் தப்பே இல்லை.

தப்பு செய்தது நான். நடைக்கு ஒரு உலர்திராட்சை என்று ஆரம்பித்தேன். நாலாம் நாள் டப்பா காலி. ஐயாவும் தொட்டிப் பக்கம் போகவில்லை. ஒரு வாரம் ஒன்றும் கேட்காமல் விட்டேன், அப்புறம் தானாக வந்தான்.

மல்லேஸ்வரம் பாட்டி:
திராட்சையை நிறுத்தியது நல்லதாயிற்று, அம்மா. வார்னெகன், டொமாசெல்லோ என்று இரண்டு ஆய்வாளர்கள். துணி காயப்போடுகிறவர் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு எட்டாமல் தவித்தால், ஒன்றரை வயதுக் குழந்தைகளே எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று 2006-ல் காட்டினார்கள். பரிசு கொடுத்துப் பழக்கினால், பரிசு நின்றதும் உதவியும் குறைகிறது என்பது 2008-ல் அவர்கள் கண்டது.

எங்கள் வீட்டு வில்லங்கம் வேறு. பேத்தி துண்டு மடிப்பாள், மடித்தது பந்து மாதிரி இருக்கும். மருமகள் அவள் கண்ணெதிரிலேயே பிரித்துத் திரும்ப மடிப்பாள். குழந்தையின் முகம் சுருங்கிவிடும். "அவள் தூங்கினப்புறம் மடிச்சுக்கோம்மா" என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் அவளே அப்படித்தான் செய்கிறாள்.

மாரத்தஹள்ளி அப்பா:
எங்களுக்குத் தண்ணீர் டேங்கரில். மகளுக்குத் துளசிக்கு ஊற்றும் வேலை என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் ஐயாயிரம் அபராதம் என்று அறிவித்த ஊர் இது! இப்போது அரிசி களைந்த தண்ணீரை ஒரு டம்ளரில் கொடுத்துவிடுகிறோம். பாதி துளசிக்கு, பாதி என் செருப்புக்கு.

அல்சூர் அம்மா:
சாவிக்கு நீல நாடா மாற்றியாயிற்று. இன்று காலையிலிருந்து வீட்டுக்காரரின் பச்சை சாக்ஸில் ஒன்றைக் காணோம். ஆட்டோ வருவதற்குள் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.