கோல்டன் பீச் சிலை மனிதர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சவுக்குத்தோப்பு:
வி.ஜி.பி. கோல்டன் பீச் சிலை மனிதரைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தச் சென்னை பார்க்கில் சிலை மாதிரி அசையாமல் நிற்பாரே, அவர்தான். தலைப்பாகை, முறுக்கு மீசை, சிரிக்க வைத்தால் பரிசு என்ற பேச்சு. 1998, ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா. அப்போது சென்னையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக இருந்த ஒரே பெரிய பார்க் அதுதான். ராட்டினமெல்லாம் ஏறி முடித்து, புளிசாதம் சாப்பிட்ட கையோடு இருபது பேர் அவரைச் சூழ்ந்துகொண்டோம். ஒருவன் குரங்கு மாதிரி குதித்தான், ஒருவன் பாடினான், எதுவும் பலிக்கவில்லை. உச்சி வெயில். தலைப்பாகை ஓரத்திலிருந்து ஒரு வியர்வைத் துளி கன்னம் வழியாக இறங்கி மீசை நுனியில் தொங்கியது, அவர் துடைக்கவில்லை. நான் கிட்டப் போய், "அண்ணே, உங்க அம்மா செத்துட்டாங்களாம், கேட்டுல ஆள் வந்து நிக்குது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. முகம் மாறவில்லை, கண் அசையவில்லை. தொண்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. பையன்கள் "அசஞ்சிட்டாரு, அசஞ்சிட்டாரு" என்று கத்தினார்கள். நான் நழுவி வேனில் போய் உட்கார்ந்துவிட்டேன். போன வருடம் என் அம்மா தவறிப்போனார். அதிலிருந்து அந்தத் தொண்டை கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மாம்பலத்தவள்:
எங்கள் வீட்டில் வி.ஜி.பி. என்றால் முதலில் தவணைதான். வி.ஜி.பி.யை ஆரம்பித்த பன்னீர்தாஸ் தவணை முறையில் பொருள் கொடுத்து வளர்ந்தவர், அப்புறம்தான் இஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் இதெல்லாம் வந்தது. எங்கள் ரேடியோ, மின்விசிறி இரண்டுமே அங்கே மாதாமாதம் கட்டி வாங்கியவை, அதனால் அப்பாவுக்கு அந்த பீச்சும் சொந்தக்காரர் வீடு மாதிரி. அப்பா ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். சிலை மனிதர் முன்னால் நாங்கள் இளித்துக்கொண்டு நின்றபோது அப்பா எங்களை விலக்கிவிட்டு, சட்டையை இழுத்துச் சரிசெய்து, நேராக நின்று ஒரு சல்யூட் வைத்தார். விளையாட்டுக்கு இல்லை, டியூட்டியில் அதிகாரிக்கு வைப்பது போல. "அரை மணி நேரம் அசையாம நின்னு பாருங்க, அப்புறம் சிரிங்க" என்றார். அவ்வளவுதான். சவுக்குத்தோப்பு, நீங்கள் சின்னப் பையன், மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்.

பழையபல்லவன்:
ஒரு திருத்தம். 1998இல் ஒரே பார்க் என்பது தவறு. தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா 1995லேயே வந்துவிட்டது. கட்டியவர் நவோதயா அப்பச்சன், 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான மை டியர் குட்டிச்சாத்தானை எடுத்தாரே, அவர்தான். சினிமாக்காரர் பார்க் கட்டியதைப் பற்றி அன்றைக்குத் தாம்பரத்தில் பேசாத டீக்கடை இல்லை. எங்கள் தலைமுறைக்கு அதுதான் பார்க், அதை விட்டுவிட்டு எழுதினால் மனசு கேட்காது.

என் அனுபவம் சிலை பற்றியது இல்லை. ஒரு பார்க்கின் அலைக்குளத்தில் (எது என்று சொல்லவில்லை) மணி அடித்ததும் எல்லோரும் ஓவென்று உள்ளே பாய்ந்தார்கள், ஒரு அலையில் தங்கச்சி கை நழுவியது. நாலைந்து விநாடிதான், யாரோ ஒரு அம்மா அவள் சடையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்த ஈரச் சடை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அலை வருவது ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் இருந்து. பெரும்பாலும் அங்கே உள்ள அறைகளில் காற்றை அடித்துத் தண்ணீரைத் தள்ளுவார்கள். அலை நிற்கும்போது குளம் சாதுவாகத் தெரியும், மணி அடித்த பிறகுதான் அதன் குணம் தெரியும். முதல் சுற்றைக் கரையில் நின்று பாருங்கள், எந்த இடத்தில் ஆட்கள் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பிள்ளை கையை விரலில் பிடிக்காதீர்கள், மணிக்கட்டில் பிடியுங்கள். டியூபை நம்ப வேண்டாம், அது கவிழ்ந்தால் பிள்ளை அடியில் மாட்டிக்கொள்ளும். பருத்திச் சட்டை வேண்டாம் என்று வாசலில் சொன்னால் சண்டை போடாதீர்கள், பருத்தி நனைந்தால் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், காரணத்தோடுதான் சொல்கிறார்கள். உங்கள் போன் நம்பரைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதுங்கள். தண்ணீரில் அழியும்தான், அதனால் பால்பாயிண்டில் அழுத்தி எழுதி, மதியம் ஒருமுறை மறுபடி எழுதுங்கள். சாப்பிட்ட உடனே ராட்டினம் ஏற்றாதீர்கள்.

மாம்பலத்தவள்:
பல்லவன் சார், நல்ல விஷயம்தான், ஆனால் இங்கே யாரும் குளத்தைப் பற்றிக் கேட்கவில்லையே. அவர் மனசு கனத்து எழுதியிருக்கிறார்.

கருப்பட்டிக்காபி:
நான் கல்லூரியில் மூன்று வருடம் என்.சி.சி. ஆகஸ்ட் 15 அணிவகுப்பில் விறைப்பாக நின்று என் பக்கத்துப் பையன் மரம் சாய்கிற மாதிரி முகம் குப்புற விழுந்ததைப் பார்த்தவன். முட்டியை இறுக்கி அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்து கண் இருட்டும். அதனால் பூட்ஸுக்குள் கால் விரலை மடக்கி விரிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள், வெளியே தெரியாது. பத்து வருடம் முன்னால் கோல்டன் பீச் போனபோது எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். காலணியின் முன்பக்கம் லேசாக எழும்பி அமுங்கியது. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை.

சவுக்குத்தோப்பு, வெயிலில் நின்றால் தொண்டை வறளும், எங்களுக்கும் எச்சில் விழுங்க மட்டும் அனுமதி உண்டு. நீங்கள் பார்த்தது அதுவாகவும் இருக்கலாம். ஒரு நாளைக்கு அந்த மாதிரி எத்தனை பேச்சைக் கேட்டிருப்பார்.

சவுக்குத்தோப்பு:
கிஷ்கிந்தா விஷயம் சரிதான், மறந்துவிட்டேன். எங்கள் பள்ளியில் யாரும் அங்கே கூட்டிப்போகவில்லை.

எச்சிலாகவே இருக்கட்டும். நான் சொன்னதைச் சொன்னேன் இல்லையா.

மாம்பலத்தவள், உங்கள் அப்பா சல்யூட் வைத்தபோது அவர் என்ன செய்தார்?

மாம்பலத்தவள்:
ஒன்றும் செய்யவில்லை. அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் மணலுக்கு ஓடிவிட்டோம், திரும்பி வந்தபோது அப்பா அவருக்குப் பக்கவாட்டில் நிழலில் நின்று, கிட்டப் போகிற பையன்களை "தள்ளி நில்லுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.