நம்ம பேட்ச், வேறொருவர் பெயர்: ஓப்பன் சோர்ஸ் கிரிப்டோவில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டையான்:
2024 நவம்பர் கடைசி, ஃபெஞ்சல் வந்த வாரம். ஒரு பிட்காயின் வாலட் திட்டம், பெயர் வேண்டாம். அனுப்பியது போக மிச்சக் காசு 546 சடோஷிக்குக் (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) கீழே போனால் எல்லாவற்றையும் டஸ்ட், அதாவது செலவழிக்கக் கட்டுப்படியாகாத தூசு, என்று ஃபீயில் தள்ளிக்கொண்டிருந்தது. 546 பழைய வகை முகவரிக்குத்தான். செக்விட் என்ற புதிய வகை முகவரிக்கு 294 போதும். மூன்று வாரம் உட்கார்ந்து சரிசெய்து, டெஸ்ட்டும் எழுதி அந்தத் திருத்தத்தை, அதாவது பேட்சை, அனுப்பினேன். வெள்ளிக்கிழமை ரிவ்யூவில் ஒருவர் இரண்டு மாற்றம் கேட்டார். சனிக்கிழமை ராத்திரி புயல். கரண்ட் இல்லை, டவர் இல்லை, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு அண்ணன் காரில் போனுக்குச் சார்ஜ் போட்டு, அங்கேயே உட்கார்ந்து திறந்தேன். என் புல் ரிக்வெஸ்ட், அதாவது கோடைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை, சிவப்பில் ‘க்ளோஸ்டு’. அதன் கீழே, ரிவ்யூ செய்தவரே போட்ட புதியது ஊதாவில் ‘மெர்ஜ்டு’, சேர்த்தாகிவிட்டது. உள்ளே என் கோடு. ஒரு கமென்டில் ‘ரிசீவ்’ என்ற சொல்லில் ஐ, ஈ இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். அந்தப் பிழைகூட அப்படியே இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை. ‘பதில் வரவில்லை, நானே முடித்துவிட்டேன்’ என்று ஒரு வரி. அந்த எழுத்துப்பிழை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சில்வர்பீச்_கடலூர்:
தம்பி, நான் ரிவ்யூ செய்கிற பக்கம் இருந்தவள். வேறொரு திட்டத்தில் ஒரு கல்லூரிப் பையனின் பேட்சுக்கு ‘நேக்’ (ஏற்க வேண்டாம்) என்று ஒரே சொல் போட்டேன். காரணம் சொல்லாத நேக்கைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று பிட்காயினின் முக்கிய மென்பொருளான பிட்காயின் கோரின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. அது எனக்கும் தெரியும். அன்றைக்கு வேலை அதிகம், போட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து பாண்டிச்சேரியில் ஒரு சின்னச் சந்திப்பு. டீ வாங்கிக்கொண்டு நிற்கிறேன், ஒரு பையன் வந்தான். “அக்கா, அந்த நேக் நீங்கதானே? அதுல என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க.” எனக்கு ஞாபகம் வரவில்லை. அவன் போனிலேயே திறந்து படித்தேன். தப்பு ஒன்றும் இல்லை.

லாஸ்பேட்டை_நோட்:
முத்தியால்பேட்டை தம்பி, அவசரத்தில் நடந்திருக்கும் என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கமிட்டை, அதாவது பதிவான மாற்றத்தை, அப்படியே எடுத்துச் சேர்த்தால் (செர்ரி பிக்), கோடு மாற்றங்களைப் பதியும் ‘கிட்’ மென்பொருள், எழுதியவர் பெயரை அப்படியே வைத்திருக்கும். எழுதியவர் வேறு, கமிட் செய்தவர் வேறு என்று இரண்டு பெயருக்கும் தனித்தனி இடம் உண்டு. பெயர் போக வேண்டுமென்றால் கோடை எடுத்துப் புது கமிட்டில் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது பல கமிட்டை ஒன்றாக்கிவிட்டு (ஸ்குவாஷ்) கூட்டு ஆசிரியர் வரியைச் சேர்க்காமல் விட்டிருக்க வேண்டும். பழைய கமிட்டைத் திருத்தச் சொல்லாதீர்கள். கமிட்டின் அடையாளமான ஹாஷ் மாறினால் எல்லாருடைய பிரதியும் உடையும், அதைச் சொல்லியே மறுப்பார்கள். ரிலீஸ் குறிப்பில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பொதுவில் கேட்பதற்கு முன் திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்குத் தனியாக எழுதுங்கள், இரண்டு லிங்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. கோபத்தோடு எழுத வேண்டாம்.

தனியாகச் சொல்வதற்கு ஒரு உதாரணம்: 2017-இல், ஒரு பிளாக்கில் எவ்வளவு பரிவர்த்தனை அடங்கலாம் என்ற பிளாக் அளவுச் சண்டையில் பிட்காயின் கேஷ் தனி நாணயமாகப் பிரிந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் பிட்காயின் கோரில் மோசமான ஒரு பிழையைக் கண்டுபிடித்தவர் அந்தப் பிரிந்துபோன பக்கத்தில் வேலை செய்தவர். ஒரே பரிவர்த்தனையில் ஒரே காசை இரண்டு முறை செலவழிக்க வழிவிடும் பிழை அது. அதை வைத்துக் கோரை அசிங்கப்படுத்தியிருக்கலாம். வெளியே கத்தாமல் தனியாகத் தெரிவித்தார், திருத்தத்தோடு 0.16.3 பதிப்பு வந்தது. அந்த நடத்தையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

என் கதை சின்னது: மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்று, அதுவும் பெயரில்லாமல் போனது. நான் கேட்கவே இல்லை.

முத்தியால்பேட்டையான்:
கோபத்தோடு எழுதவில்லை அண்ணே. ‘என் ஊரில் புயல்’ என்று ஒரு வரி போட்டேன், அதற்கு ஒரு தம்ஸ் அப் வந்தது. மூன்று நாள் பொறுத்திருக்கலாம், இல்லை பெயரைப் போட்டுவிட்டு முடித்திருக்கலாம். நான் கேட்பது அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பம்:
அக்கா, அந்தப் பையன் பேட்ச் அப்புறம் என்ன ஆச்சு?

சில்வர்பீச்_கடலூர்:
அன்று ராத்திரியே திரும்பத் திறந்தேன். அதற்குள் அந்த ஃபைலையே மாற்றி எழுதியிருந்தார்கள், பேட்ச் பொருந்தவில்லை. அவனுக்கு போன் செய்து சொன்னேன். “சரிக்கா” என்றான்.